பேன் எடுக்கும் பார்மீன்

நார்வே நாட்டின் கரையோரத்தில், கடலடிப் பாறைத்திட்டுகளான பார்களில், கடற்பாசி அடர்ந்த ஆழமற்ற நீரில், பெரும்பாலும் சாண் நீளத்துக்குள் அடங்கிவிடும் மீன் ஒன்று வாழ்கிறது. ஆங்கிலேயர் அதைக் கார்க்விங் என்பர். நார்வேக்காரர் க்ரொன்யில்ட் என்பர். 1758-இல் லின்னேயஸ் உயிரினங்களுக்கு இலத்தீன் பெயர் சூட்டிய நூலிலேயே இடம்பெற்றுவிட்ட இம்மீனின் இன்றைய அறிவியல் பெயர் சிம்ஃபோடஸ் மெலாப்ஸ். அது லாப்ரிடே குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழகக் கடலோரத்தில் கிளிமீன் என்று வழங்கும் மீன்கள் அதற்கு நெருங்கிய உறவு.

பெயர் கிடைத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த மீனுக்கு விலை கிடைக்கவில்லை. நண்டுப் பொறியிலும் இறால் பொறியிலும் தப்பித் தவறி விழுந்தால் மீனவர் அதைக் கடலிலேயே வீசினர். படகுத்துறையில் தூண்டில் போடும் சிறுவர்களுக்கு அது விளையாட்டு மீன். இன்று அதே மீன் உயிரோடு விற்கப்படுகிறது. விலை எடைக்கு அல்ல, தலைக்கு. வாங்குவோர் சால்மன் பண்ணைக்காரர்கள். மீனுக்கு அங்கே கொடுக்கப்படும் வேலை, சால்மன் உடலில் ஒட்டியிருக்கும் பேனைக் கொத்தித் தின்பது. செத்த மீனுக்கு இத்தொழிலில் ஒரு காசும் கிடையாது. ஆகவே மீன் எங்கே இருக்கும், எப்போது முட்டையிடும், எதனால் சாகும் என்று அறிந்தவரே இதில் நிலைக்க முடியும்.

மீனும் அதன் இடமும்

கார்க்விங் மீனின் வாழ்விடம் நார்வேயிலிருந்து மொராக்கோ வரை அட்லாண்டிக் கிழக்குக் கரையெங்கும் பரவியுள்ளது. மத்தியதரைக் கடலின் சில பகுதிகளிலும் அது உண்டு. பெரும்பாலும் 5 மீட்டர் ஆழத்துக்குள்ளேயே அதைக் காணலாம். பாறை, பாறையில் வேர்போல் பற்றி நிற்கும் பெரும்பாசி, அதன் அடியில் ஒளிந்துகொள்ளப் பொந்து ஆகிய மூன்றும் சேர்ந்த இடமே அதற்கு வீடு. வெறும் மணல் தரையில் அது தங்காது. அலை நேரே வந்து மோதும் முனைகளைவிட, தீவுகளின் மறைவிலும் ஃபியோர்ட் எனப்படும் குறுகிய கடல்வாய்களின் ஓரங்களிலும் அது மிகுதி.

அதே பாரில் அதன் உறவினர் நால்வர் வாழ்கின்றனர். கோல்ட்சின்னி செம்மஞ்சள் நிறத்தது, மெலிந்தது. ராக்குக்கின் வாய் மிகச் சிறியது. பேலன் இக்குடும்பத்தில் பெரியது. குக்கூ நீலமும் செம்மஞ்சளும் கலந்த பகட்டு மீன். பார்மீன் என்று சேர்த்துச் சொல்லும் இந்த ஐந்தையும் கையில் எடுத்த கணத்திலேயே பிரிக்கத் தெரிய வேண்டும். ஏனெனில் ஒவ்வொன்றுக்கும் சட்டம் குறித்த அளவும் வேறு, விலையும் வேறு. நிறத்தை நம்பக் கூடாது. பாசிக்கும் பருவத்துக்கும் மனநிலைக்கும் ஏற்ப நிறம் மாறும். புள்ளியை நம்பலாம். கோல்ட்சின்னியின் வாலடியில் மேல் விளிம்பில் ஒரு கரும்புள்ளி இருக்கும். கார்க்விங்கின் புள்ளி வாலடியின் நடுவில் இருக்கும். அதோடு கண்ணுக்குப் பின்னால் அவரை விதையின் வடிவில் ஒரு கறையும் உண்டு.

கார்க்விங்கின் இரை சிறு நத்தை, சிப்பி, பாசியில் ஊரும் கூனி போன்ற ஓட்டுயிர்கள். கூரிய சிறு பற்களால் கொத்தி எடுத்து, தொண்டையில் உள்ள அரைக்கும் எலும்பால் ஓட்டை நொறுக்கித் தின்னும். பிற மீன்களின் உடலில் ஒட்டிய உண்ணிகளைக் கொத்துவதும் இதே பழக்கத்தின் தொடர்ச்சி. காட் மீனும் நீர்க்காகமும் அதை இரையாக்குகின்றன. இப்படிப் பாசியில் மேயும் சிற்றுயிருக்கும் மேலே நிற்கும் பெரிய வேட்டையாடிகளுக்கும் நடுவில் இம்மீன் ஒரு கண்ணியாக இருக்கிறது.

பத்து ஆண்டுக்குள் அடங்கும் ஆயுளில் அது பெரிதாக இடம் பெயர்வதில்லை. வளர்ந்த மீன் தன் பாரையும் அதன் அக்கம்பக்கத்தையும் விட்டு அதிக தூரம் போவது அரிது. கடற்கரை நீளமாகத் தெரிந்தாலும் அதில் வாழும் கார்க்விங் ஒரே கூட்டம் அல்ல. பாருக்குப் பார் ஊர் ஊராகக் குடியிருக்கும் மீன் அது. இத்தொழிலின் பல சிக்கல்கள் இந்த ஓர் உண்மையிலிருந்து பிறக்கின்றன.

தந்தை கட்டும் கூடு

மே மாதத்தில் நீர் சூடேறத் தொடங்கியதும் பெரிய ஆண் மீன்களின் உடலில் பச்சையும் நீலமும் செம்பும் மினுங்கும். கன்னத்தில் கோலம் போட்டதுபோல் வரிகள் தெளியும். பாறையிடுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வாயால் பாசித் துண்டுகளைக் கவ்விக் கொண்டுவந்து, அந்த ஆண் கூடு கட்டுகிறது. கட்டுமானத்தில் ஒழுங்கு உண்டு. முரடான பாசியைத் திணித்து அடித்தளம் அமைக்கும். முட்டை ஒட்டும் இடத்தில் மென்மையான பாசியை வைக்கும். மேலே இன்னொரு அடுக்குப் பாசியால் மூடிக் காக்கும். ஒவ்வொரு துண்டையும் தலையால் முட்டி, மூக்கால் அழுத்திப் பொருத்தும்.

கூடு தயாரானதும் பெண் மீன்கள் வந்து முட்டையிட்டுப் போகும். ஒரே கூட்டில் பல பெண்களின் முட்டைகள் இருக்கும். அதன்பின் முழுப் பொறுப்பும் தந்தையுடையது. செட்டையை அசைத்து முட்டைகளுக்கு நீரோட்டம் கொடுக்கும். திருட வரும் மீனையும் நத்தையையும் விரட்டும். அலை கலைத்த பாசியை மீண்டும் செருகும். நீரின் சூட்டைப் பொறுத்து ஏறக்குறைய இரண்டு வாரத்தில் குஞ்சு பொரியும். குஞ்சுகள் சில வாரங்கள் மேல்நீரில் மிதந்து திரிந்துவிட்டுப் பாசிக் காட்டில் இறங்கும். ஒரு பருவத்தில் அதே ஆண் மீண்டும் முட்டைகளைப் பெற்று, ஜூலை வரை காவல் நிற்கும்.

எல்லா ஆணும் கூடு கட்டுவதில்லை. ஒரு சிறு பங்கு ஆண்கள் நிறத்திலும் வடிவிலும் பெண்ணைப்போலவே வளர்கின்றன. வேடம் தெரியாத காவல் ஆண் அவற்றைப் பெண் என்றே எண்ணி அருகில் விடுகிறது. உண்மையான பெண் முட்டையிடும் கணத்தில் அவை நுழைந்து விந்தை விட்டு ஓடிவிடும். இந்தக் கள்ள ஆண்கள் உடல் சிறியவை. உடலோடு ஒப்பிட்டால் விந்துப்பை பெரியது. கூடு கட்டும் ஆண்கள் வேகமாக வளர்ந்து பெண்களையும் கள்ள ஆண்களையும் அளவில் மிஞ்சுகின்றன. பெரிய மீன் என்றால் பெரும்பாலும் காவல் தந்தை என்று பொருள். அளவுகோலை வைத்து மீன் பிரிக்கும் தொழிலில் இது எவ்வளவு முக்கியம் என்பது பின்னால் விளங்கும்.

விலை வந்த கதை

சால்மன் பேன் என்பது கடல்நீரில் வாழும் ஓட்டுயிர் ஒட்டுண்ணி. முட்டையிலிருந்து வந்ததும் நீரில் மிதக்கும். சால்மனைத் தொட்டதும் பற்றிக்கொள்ளும். பலமுறை தோலுரித்து வளர்ந்தபின் உடலெங்கும் ஊர்ந்து, சளியையும் தோலையும் இரத்தத்தையும் தின்னும். முதிர்ந்த பெண் பேன் ஒரு செ.மீ. அளவில் இருக்கும், பின்னால் இரண்டு முட்டைச் சரங்கள் தொங்கும். இயற்கையில் சிதறித் திரியும் சால்மன்களுக்கு இது பெருந்தொல்லை அல்ல. பண்ணையில் நிலைமை வேறு. நார்வேச் சட்டப்படி ஒரு கூண்டில் 2,00,000 சால்மன்கள் வரை இருக்கலாம். அத்தனை உடல்கள் நெருங்கியிருக்கும் இடம் பேனுக்கு விளைநிலம். அங்கே பெருகும் பேன்குஞ்சுகள் கடல்வாய் வழியே வெளியேறும் காட்டுச் சால்மன் குட்டிகளையும் பற்றிக் கொல்கின்றன. அதனால் ஒரு சால்மனுக்குச் சராசரியாக 0.5 முதிர்ந்த பெண் பேனுக்கு மேல் இருக்கக் கூடாது என்று நார்வே வரம்பு கட்டியது. காட்டுக் குட்டிகள் கடலுக்குப் போகும் வசந்த வாரங்களில் அந்த வரம்பு 0.2 ஆகக் குறையும்.

1980-களின் பிற்பகுதியில், பெர்கன் நகரைச் சேர்ந்த ஆய்வாளர் ஓஸ்முன்ட் பியூர்டால், பார்மீன்களைப் பேன் பற்றிய சால்மன்களோடு ஒரே தொட்டியில் விட்டுப் பார்த்தார். கோல்ட்சின்னியும் அதன் உறவினங்களும் சால்மனைச் சுற்றி வந்து பேனைக் கொத்தித் தின்றன. 1988-இல் அந்த முடிவுகள் வெளிவந்தன. சில பண்ணைகள் உடனே முயன்றன. ஆனால் மருந்து எளிதாகக் கிடைத்த காலத்தில் பலர் மருந்தையே நம்பினர். 2000-களின் இறுதியில் மருந்துகளுக்குப் பேன் பழகிப்போயிற்று. ஊற்றிய மருந்து பலிக்கவில்லை. அப்போதுதான் பார்மீனுக்குக் கிராக்கி திடீரென ஏறியது. 2010-களின் நடுவில் நார்வேக் கரையில் ஆண்டுக்கு 2 கோடிக்கு மேற்பட்ட பார்மீன்கள் பிடிக்கப்பட்டன. சுவீடனின் மேற்குக் கரையிலிருந்தும் மீன் வந்தது. தென்மேற்கு இங்கிலாந்தில் பிடித்த மீன் ஸ்காட்லாந்துப் பண்ணைகளுக்குப் போயிற்று. சிறு படகும் சில பொறிகளும் வைத்திருந்த கரையோரக் குடும்பங்களுக்குக் கோடை வருமானம் ஒன்று புதிதாகக் கிடைத்தது.

பொறி இறக்குதல்

இந்த மீன்பிடிப்புக்குப் பெரிய வலை உதவாது. மீன் உயிரோடும் செதில் உதிராமலும் வர வேண்டும். அதற்கு ஏற்றவை கம்பிச் சட்டத்தில் சிறு கண்ணி வலை போர்த்திய பொறிகள். சுமார் 70 செ.மீ. நீளமுள்ள பெட்டி, இரு பக்கமும் உள்நோக்கிக் குவியும் புனல் வாய், உள்ளே இரண்டு அறைகள். புனல் வழியே எளிதாக நுழையும் மீனுக்கு வெளியேறும் வழி புலப்படாது. மன்னார் வளைகுடாவில் கலவா பிடிக்க மீனவர் பாரில் இறக்கும் பொறிக்குக் ‘கூடு’ என்றே பெயர். வேலை செய்யும் முறையும் ஒன்றே. தமிழில் மீன் கட்டுவதும் கூடு, மனிதர் இறக்குவதும் கூடு.

இரை நசுக்கிய நண்டு அல்லது இறால். ஓடு உடைந்து சாறு நீரில் கலந்தால்தான் மீனை இழுக்கும். முழு நண்டு பயன்படாது. புனல் வாய் குறுகலாக இருக்க வேண்டும். வாய் அகன்றால் பெரிய மீன் நுழைந்து சிறியதைத் தின்றுவிடும். நீர்நாய் நுழைந்து மூச்சுமுட்டிச் சாகும்.

இடம் பார்ப்பதே இத்தொழிலின் முதல் கலை. தெளிந்த நாளில் படகின் ஓரத்தில் குனிந்து பார்த்தால் பாசி நிறம் மாறும் வரம்பு தெரியும். பழுப்புப் பாசி முடிந்து பாறைச்சரிவு தொடங்கும் விளிம்பில் கார்க்விங் நிற்கும். உருண்டைப் பாறைகள் குவிந்த, சற்று ஆழமான சரிவில் கோல்ட்சின்னி நிற்கும். சில மீட்டர் தள்ளி மணலில் பொறி விழுந்தால் அதில் கடல்நண்டு மட்டுமே இருக்கும். பொறி சாய்ந்து புனல் வாய் பாசிக்குள் புதைந்தாலும் பாடு கிடைக்காது. கயிற்றைத் தளர்த்தி, அடி தட்டும் வரை கையிலேயே இறக்கி, தட்டிய உணர்வு பாறையா மணலா என்று கையால் அறிந்த பிறகே மிதவையை விட வேண்டும்.

பொறியை ஓரிரவு விட்டு மறுநாள் எடுப்பது வழக்கம். அதற்கு மேல் வைத்தால் உள்ளே அடைபட்ட ஆண்கள் ஒன்றையொன்று கடிக்கும். நண்டு செட்டையைக் கிழிக்கும். காற்று கிளம்பும் என்று வானிலை சொன்னால் பொறியை இறக்காமலிருப்பதே நல்லது. எடுக்க முடியாமல் கடலில் கிடக்கும் பொறி யாருக்கும் பயனின்றிக் கொல்லும்.

எடுக்கும் வேகத்தில்தான் புதியவர் பலர் தவறுவர். இம்மீனின் காற்றுப்பைக்கு வெளியே திறக்கும் வழி இல்லை. ஆழத்திலிருந்து விரைந்து தூக்கினால் அழுத்தம் குறைந்து பை ஊதும். மீன் வயிறு பருத்து மேற்பரப்பில் மல்லாந்து மிதக்கும். அத்தகைய மீன் அன்று நீந்தினாலும் மூன்றாம் நாள் செத்துக் கிடக்கும். ஆழமற்ற இடத்தில் இறக்குவதும், கயிற்றை நிதானமாக இழுப்பதும், ஆழம் கூடினால் நடுவழியில் நிறுத்தி ஆற்றுவதும் இதற்கு மருந்து. எந்திர உருளையை முழு வேகத்தில் சுற்றவிட்டு மிச்சமாகும் நேரம், பிறகு சாகும் மீன்களில் போய்விடும்.

அளத்தலும் பிரித்தலும்

பொறி படகேறியதும் கடல்நீர் நிரம்பிய தொட்டியில் கவிழ்க்க வேண்டும். பலகை மேல் கொட்டக் கூடாது. மீனின் உடலைப் போர்த்திய சளியே அதன் தோல்காப்பு. உலர்ந்த கை, வெயிலில் காய்ந்த பலகை, முரட்டு முடிச்சு வலை ஆகிய மூன்றும் அந்தச் சளியை வழித்தெடுக்கும். சளி போன இடத்தில் புண் வரும். புண் வழியே நோய்க்கிருமி புகும். கையை நனைத்தே மீனைத் தொட வேண்டும் என்பது இத்தொழிலில் எழுதாத முதல் சட்டம்.

எழுதிய சட்டமும் உண்டு. நார்வேயில் கார்க்விங் 12 செ.மீ.க்கும் கோல்ட்சின்னி 11 செ.மீ.க்கும் குறைந்தால் விட்டுவிட வேண்டும். பொறியில் 12 மி.மீ. அகலமுள்ள தப்பும் வழி கட்டாயம்; சிறு மீன் கடலடியிலேயே அதன் வழியே வெளியேறிவிடும். கை படாமல், மேலே வராமல், தன் பாரை விட்டு நகராமல் தப்பும் மீனுக்குச் சேதம் மிகக் குறைவு. எனவே நூறு முறை அளப்பதைவிட ஒரு நல்ல தப்பும் வழி மேலானது. ஒரு படகு எத்தனை பொறி இறக்கலாம் என்பதற்கும் உச்சவரம்பு உண்டு.

அளவு குறைந்த மீனை எங்கே விடுவது என்பதும் கவனிக்க வேண்டியது. பிடித்த இடத்திலேயே, பிடித்த நேரத்திலேயே விட வேண்டும். பத்துப் பொறிகளின் கழிவு மீனைச் சேர்த்துவைத்துத் துறைக்குத் திரும்பும் வழியில் கொட்டினால், அறியாத ஆழத்தில், மறைவிடமில்லாத நீரில் அவை தவிக்கும். கடற்காக்கைகள் படகின் பின்னாலேயே வரும். மேற்பரப்பில் எறிந்த மீனில் பல பறவைக்கே போகும். நீர்மட்டத்துக்குக் கீழே, பாசிக்கு அருகில் விட்டால் மீன் நேரே பொந்துக்குள் போய்விடும்.

உயிரோடு சேர்த்தல்

பிடித்த மீனைக் கடலில் மிதக்கும் வலைப்பெட்டிகளில் சில நாள் வைத்திருந்து, தொகை சேர்ந்ததும் அனுப்புவது வழக்கம். அந்தச் சில நாள்களில் மீனின் விதி முடிவாகிறது. பெட்டிக்குள் மறைவிடம் இல்லாவிட்டால் வலிய ஆண் மற்றவற்றை ஓயாமல் விரட்டும். பாசிக் கொத்தோ, பாசிபோல் வெட்டிய பிளாஸ்டிக் நாடாவோ தொங்கவிட்டால் சண்டை தணியும். மீன் நெருக்கமாக இருந்தாலும் நீரோட்டம் மந்தமாக இருந்தாலும் உயிர்க்காற்று குறையும். ஒவ்வொரு காலையும் பெட்டியைத் திறந்து செத்ததை எடுத்து எண்ண வேண்டும். அந்த எண்ணிக்கைதான் முந்தைய நாள் வேலையின் மதிப்பெண்.

அருகிலுள்ள பண்ணைக்குப் படகின் நீர்த்தொட்டியிலேயே மீன் போகும். தெற்கேயிருந்து வடக்கே போகும் மீன், உயிர்க்காற்று ஊட்டிய தொட்டி லாரிகளில் நாள்கணக்கில் பயணிக்கும். பயணத்துக்கு முன் இரை நிறுத்தப்படும். நிறைந்த வயிறு தொட்டி நீரைக் கெடுக்கும். தொட்டி நீரின் சூடும் உப்பும் இறக்கும் இடத்து நீருக்கு ஒத்துவரும்வரை மெல்ல மெல்லக் கலக்க வேண்டும்.

பண்ணைக் கூண்டில்

நூறு சால்மனுக்கு ஐந்து அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலாகப் பார்மீனை விடுவது பண்ணைகளின் வழக்கம். வெறும் வலைக்குள் விட்டால் அவை மிரண்டு மூலையில் ஒதுங்கும். ஆகவே கூண்டுக்குள் பிளாஸ்டிக் பாசி வரிசைகள் தொங்கவிடப்படுகின்றன. பார்மீன் இரவில் அங்கே ஒளியும். பகலில் வெளியே வந்து சால்மனை மேயும். பழகிய சால்மன் அசையாமல் நின்று கொத்தக் கொடுக்கும்.

வலைச் சுவர் சுத்தமாக இருக்க வேண்டும். வலையில் சிப்பிக்குஞ்சும் பாசியும் படர்ந்தால் பார்மீன் அதையே தின்று வயிற்றை நிரப்பும். ஓடும் சால்மனைத் துரத்திப் பேன் பிடிக்க அதற்குத் தேவை இராது. பேன் குறைந்துவிட்டாலோ பார்மீனுக்குத் தனியாகத் தீனி போட வேண்டும். இல்லாவிட்டால் அது மெலிந்து சாகும். பேன் எடுக்கும் மீனுக்குத் தீனி எதற்கு என்று விட்ட பண்ணைகளில் மீன் பட்டினியால் அழிந்தது.

குளிர் இன்னொரு எதிரி. வடகடல் நீர் 10 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் இம்மீன்களின் பசி மங்கும். குளிர்காலத்தில் கோல்ட்சின்னி பாறைப் பொந்தில் உறக்கம்போல் ஒடுங்கிக் கிடக்கும் இயல்புடையது. மிதக்கும் கூண்டில் ஒடுங்கப் பொந்து ஏது? குளிர்காலப் பணிக்காகவே வேறொரு மீனான லம்ப்மீனைப் பண்ணைகள் பொரிப்பகத்தில் வளர்த்தெடுத்தன. பேலன் மீனும் பொரிப்பகங்களில் வளர்க்கப்படுகிறது.

இவற்றுக்கு மேல் நோய்களும் உண்டு. செதில் உதிர்ந்த மீனை விப்ரியோ, ஏரோமோனாஸ் போன்ற கிருமிகள் தாக்கும். செவுள்நோய் அமீபா சால்மனையும் பார்மீனையும் ஒருங்கே பற்றும். பேன் அகற்ற வெந்நீரிலோ பீச்சுநீரிலோ சால்மனைச் செலுத்தும் எந்திரங்கள் வந்தபின் பார்மீனுக்குப் புதிய ஆபத்து சேர்ந்தது. முன்கூட்டியே பிடித்து அப்புறப்படுத்தாவிட்டால் அது அந்த எந்திரத்தில் உயிர் பிழைப்பது கடினம். 2018-19-இல் நார்வே உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுவதும் நடத்திய சோதனையில், பண்ணைகளில் விடப்பட்ட பேன் எடுக்கும் மீன்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு செத்ததாகவே கணக்கில் பதிவாகியிருந்தது. எண்ணப்படாமல் சிதைந்தவை அதில் சேரவில்லை. உயிர் ஒன்றை வேலையாளாக வைத்துக்கொள்ளும் எவரும் அந்தக் கணக்கைப் பார்த்து வருந்தாமல் இருக்க முடியாது.

கடலில் பதிந்த தடம்

பொறிகள் பெருகிய கரைகளில் என்ன நடந்தது என்பதைக் கடல்காப்பிடங்கள் காட்டின. நார்வேயின் தெற்கேயுள்ள ஸ்காகெராக் கடலின் கரையில், மீன்பிடிப்பு விலக்கப்பட்ட பகுதிகளையும் அவற்றை அடுத்த திறந்த பகுதிகளையும் கிம் ஹால்வொர்சனும் உடன் ஆய்வாளர்களும் ஒப்பிட்டு 2017-இல் முடிவுகளை வெளியிட்டனர். காப்பிடங்களில் கோல்ட்சின்னி 33 முதல் 65 விழுக்காடு வரை கூடுதலாக இருந்தது. சில பருவங்களின் மீன்பிடிப்பே பாரின் கணக்கை மாற்றப் போதுமானது என்று இதிலிருந்து தெரிந்தது.

கார்க்விங்கில் இன்னும் நுட்பமான கேடு நிகழ்ந்தது. மேற்கு நார்வேயின் ஔஸ்தெவோல் தீவுகளில் மீன்களுக்குள் மின்குறி பொருத்திக் கடலில் விட்டு, பிறகு எவை பிடிபட்டன என்று பார்த்தனர். பெண்களைவிட ஆண்களே மிகுதியாகப் பிடிபட்டன. குறைந்தபட்ச அளவுச் சட்டம் சிறு மீனைக் காக்கிறது. வேகமாக வளர்ந்து அந்த அளவை முதலில் தாண்டுவது கூடு கட்டும் ஆண். கள்ள ஆண் சிறியதாதலால் தப்பும் வழியே நழுவிவிடுகிறது. காக்கும் தந்தைகளை எடுத்துவிட்டு, காக்காத ஆண்களைப் பாரில் விட்டுச் செல்வதே இதன் பலன். காவல் இல்லாத கூட்டில் முட்டை தங்காது. சட்டம் நல்ல எண்ணத்தில் எழுந்ததுதான். மீனின் குடும்ப வாழ்க்கையை அறியாத அளவுகோல் அந்த எண்ணத்துக்கு எதிராகவே வேலை செய்தது.

மூன்றாவது கேடு, தூரத்துப் பயணத்தால் வந்தது. நார்வேயின் தென்மேற்கில் யேரன் என்ற பகுதி நெடுக மணற்கரை. பார் இல்லாத அந்தக் கரையைக் கார்க்விங் எளிதில் தாண்டுவதில்லை. பனியூழி முடிந்து மீன்கள் வடக்கே குடியேறிய நாள்முதல், மணலுக்குக் கிழக்கே ஒரு குலமும் மேற்கே ஒரு குலமும் மரபணுவில் வேறுபட்டுத் தனித்தனியே வளர்ந்தன. லாரி அந்த மணற்கரையை ஒரு மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. ஸ்காகெராக்கிலும் சுவீடனிலும் பிடித்த மீன் நடு நார்வேயின் ட்ரொண்டலாக் பண்ணைகளுக்குப் போய், கூண்டிலிருந்து தப்பி, உள்ளூர் மீனோடு கலந்தது. 2018-இல் வெளியான ஆய்வு, அவ்வட்டாரத்தின் ஃப்ளாட்டாங்கர் பகுதியில் அங்குள்ள கார்க்விங் மீன்களில் 20 விழுக்காடு வரை தெற்கத்தி மீன்களோ அவற்றின் கலப்பினங்களோ என்று காட்டியது. குளிர்மிக்க வட எல்லையில் வாழப் பழகிய குலத்தின் தனித்தன்மை இப்படிக் கரைந்தால், அதை எந்தப் பொரிப்பகமும் திருப்பித் தராது. மீனோடு மீனாகக் கிருமிகளும் ஊர் மாறுகின்றன.

திருத்தங்களும் தீர்ப்பும்

நார்வே சும்மா இருந்துவிடவில்லை. காட்டுப் பார்மீன் பிடிப்புக்கு வட்டாரவாரியாக ஒதுக்கீடு வந்தது. நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 1 கோடியே 80 லட்சம் மீன் என்று மொத்த வரம்பு அமைந்தது. முட்டையிடும் பருவத்தில் பிடிப்பு நிறுத்தப்பட்டது. ஜூலை நடுப்பகுதிக்குப் பிறகே பொறி இறக்கலாம், வடக்கே இன்னும் பிந்தி. இங்கிலாந்தின் சில கரைகளில், சிறு மீனை மட்டுமன்றி மிகப் பெரிய மீனையும் விட்டுவிட வேண்டும் என்று மேல் வரம்பும் வைத்தனர். கூடு கட்டும் ஆணைக் காக்க அதுவே நேரான வழி. 2019-க்குப் பிறகு பண்ணைகளில் பேன் எடுக்கும் மீன்களின் மொத்த எண்ணிக்கையும் குறைந்துவருகிறது.

கடலில் இறங்கும் கைகளுக்கு இவற்றிலிருந்து சில கடமைகள் தெளிவாகின்றன. பருவம் திறக்கும் நாளில்கூடக் கன்னவரி மின்னும் பெரிய ஆண் பொறியில் வந்தால், அதன் கூட்டில் முட்டை இன்னும் இருக்கலாம் என்று எண்ணி அதே இடத்தில் விட வேண்டும். ஒரே பாரைப் பருவம் முழுதும் கறக்காமல் இடம் மாற்றிப் பொறி வைக்க வேண்டும். மீனை அதன் வட்டாரத்துக்குள்ளேயே விற்க வேண்டும். வாங்கும் பண்ணையில் மறைவிடமும் தீனியும் உண்டா என்று கேட்டு விற்க வேண்டும். இவை எதற்கும் புதிய கருவி தேவையில்லை. மீனை அறிந்த மனம் போதும்.

இச்சிறு மீன் செய்யும் வேலை பெரியது. அது எடுக்கும் ஒவ்வொரு பேனும் நீரில் ஊற்றாமல் தவிர்த்த மருந்து. ஆனால் பேன் எடுப்பதற்காகவே பிடித்து, ஒரு பருவத்துக்குள் சாகவிட்டு, அடுத்த ஆண்டு மீண்டும் பாருக்கு வருவது தொழில் ஆகாது. பாரைச் சிறுகச் சிறுகச் செலவழிப்பது ஆகும். மீன் தன் கூட்டின் காவலை முடித்த பிறகே மனிதரின் கூடு கடலில் இறங்க வேண்டும். இறங்கிய கூடும் காவல் தந்தைகளில் பெரும்பகுதியைப் பாரிலேயே விட்டு வர வேண்டும். இந்த இரண்டும் நிலைக்கும் கரையில் தொழிலும் நிலைக்கும்.